பவானி படிக்கிறாள், அக்கா

என் கலா அக்காவுக்கு,

பக்கத்து அறையில் இருப்பவளைக் கூப்பிடுவது போலத்தான் இன்னும் உன்னைக் கூப்பிட வருகிறது. நாளைக்கு உனக்கு முதல் வருஷத் திதி. மாமா லீவு போட்டுவிட்டார். உனக்குப் பிடித்தது என்னென்ன சமைப்பது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. உனக்கு அதெல்லாம் காதில் விழாது என்று எனக்குத் தெரியும். "பவானி படிக்கிறாளாடி?" அதுதானே உன் முதல் கேள்வி?

சொல்கிறேன். ஆனால் ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது.

நீ போனபோது உன் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. மாமா வெளியூர் பஸ் ஓட்டுகிறவர், மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வீடு. அதனால் பவானியை வேங்கிக்காலுக்கு, என் வாடகை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். ஆபீசில் டைப் அடித்து முடித்து ஆறு மணிக்கு வந்தால், அதற்கப்புறம் அவளோடுதான் என் பொழுது.

நீ அவளுக்கு எப்படிப் பாடம் சொல்லிக் கொடுப்பாய் என்று நான் பார்த்திருக்கிறேன். பாய், இரட்டைக் கோடு நோட்டு, உன் கையில் அடிஸ்கேல். 'கெ' எழுதச் சொன்னால் அவள் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடுவாள். "க் சொல்லிட்டுத்தானே எ வருது?" என்று கேட்பாள். அது எவ்வளவு நியாயமான கேள்வி, அக்கா! உனக்குக் கோபம்தான் வரும். விரல் முட்டியில் ஒன்று வைப்பாய். உனக்கு மூச்சு வாங்கும். அவள் அழுவாள். கொஞ்ச நேரத்தில் நீயும் அழுவாய்.

நீ போன பிறகு அவள் புத்தகத்தைத் தொடவே இல்லை. விளையாடினாள், சாப்பிட்டாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை போட்டாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும். பரீட்சைத் தாளில் பெயர்கூட எழுதவில்லை. டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "இப்டியே இருந்தா மறுபடியும் மூணாவதுலதாங்க உக்காரணும். வீட்ல யாராவது கவனிங்க" என்றார்.

கவனித்தேன். கெஞ்சினேன், கொஞ்சினேன். ஒருநாள் உன் அடிஸ்கேலைக்கூட எடுத்துவிட்டேன். அவள் பேசாமல் கையை நீட்டினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம் ஒரு பௌர்ணமி சாயங்காலம். பஸ் ஸ்டாண்டில் கிரிவலக் கூட்டம். அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எதிரே வந்து நின்ற பஸ்ஸின் போர்டைப் பார்த்து அவள் மெதுவாக, "கீழ்... பென்... னாத்தூர்" என்றாள். என் காதையே நம்ப முடியவில்லை. குனிந்து பார்த்தால், கையால் வாயைப் பொத்திக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். அப்படி ஒரு பயம் அந்தக் கண்ணில்.

"சித்தி, உனக்கு ஒண்ணும் ஆவலியே?"

"எனக்கு இன்னாடி ஆவணும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அவள் முகத்தை நிமிர்த்தினேன். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. "அம்மா சொல்லுச்சு, உனக்குச் சொல்லிக் குடுத்து சொல்லிக் குடுத்தே என் உசுரு போவுதுனு. அப்புறம் நெஜமாவே போயிடுச்சு இல்ல?"

எங்கள் பஸ் வந்தது, போனது. நான் எழுந்திருக்கவில்லை.

அக்கா, அந்த நிமிஷம் உன்மேல் எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்கப் போவதில்லை. எந்த வீட்டில்தான் அப்படிச் சொல்வதில்லை? நம் அம்மாவும் நம்மைச் சொன்னவள்தான். ஆனால் நம் அம்மா செத்துப் போகவில்லையே. கோபம் தணிந்த பிறகு வேறொன்று தோன்றியது. உனக்கு எப்போதும் ஏன் அவ்வளவு அவசரம்? இன்னும் எத்தனை நாள் என்று டாக்டர் உன்னிடம் மட்டும் சொல்லியிருந்தாரா? ஒரு வருஷப் பாடத்தை ஒரு மாதத்தில் புகட்டப் பார்த்தது அதனால்தானா? என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

"அது சும்மா பேச்சுக்குச் சொல்றதுடி" என்று அவளிடம் நூறு தடவை சொன்னேன். அவள் நம்பவில்லை. மாமா வந்து சொல்ல ஆரம்பித்து, பாதியில் அவரே அழுதுவிட்டார். அவள் இன்னும் ஒடுங்கிப் போனாள்.

அப்போதுதான் உன் ஆஸ்பத்திரி நோட்டு நினைவுக்கு வந்தது. மாத்திரை, டாக்டர் சொன்னது என்று பள்ளிக்கூட வயதிலிருந்தே நீ எழுதி வைத்திருந்தாயே, அதுதான். உன் டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை மடியருகே உட்கார வைத்து முதல் பக்கத்தைப் பிரித்தேன்.

"இது உங்க அம்மா எழுதினது. நான் படிக்க மாட்டேன். நீதான் படிக்கணும்."

"வேணாம் சித்தி. உனக்கு எதுனா ஆயிடும்."

"ஆவாதுடி. சந்தேகமா இருந்தா இங்க கை வச்சுப் பாரு." அவள் உள்ளங்கையை எடுத்து என் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டேன்.

இடது கை என் நெஞ்சில், வலது விரல் உன் குண்டு குண்டு எழுத்தில். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி என் துடிப்பைச் சரிபார்த்துக்கொண்டு அவள் படித்தாள். "காய்ச்சல்... வந்ததில்... என்... இருதயம்... பழுதாகி... விட்டது. பத்தாவது... பரீட்சைக்கு... போகக்... கூடாதாம்."

விரல் நின்றது. "பத்தாவதா? அம்மா பத்தாவது படிக்கும்போதா?"

"ஆமா."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"நீ பொறக்கவே இல்லியே. அப்ப உங்கப்பா யாருன்னே அம்மாவுக்குத் தெரியாது."

அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படித்தாள். "அப்ப என்னால இல்லியா?"

"இல்லடி கண்ணு. உன்னால இல்ல."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தானே அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அங்கே நீ எழுதியிருக்கிறாய்: 'எனக்கு வாங்கின சாத்துக்குடியை எல்லாம் சுமதியே தின்றுவிட்டாள்.' அதை எழுத்துக் கூட்டி முடித்ததும், "சித்தி, நீ திருடியா?" என்று உரக்கச் சிரித்தாள். நீ போன பிறகு அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன். நீயும் கேட்டிருக்க வேண்டும், அக்கா.

அதற்கப்புறம் அந்த நோட்டுதான் எங்களுக்குப் பாடப் புத்தகம். தினம் ஒரு பக்கம். நோட்டு தீர்ந்ததும் கடைப் பெயர்ப் பலகை, தீப்பெட்டி, கல்யாணப் பத்திரிகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்தாள். நாலாவதுக்குப் பாஸ் ஆகிவிட்டாள். முதல் மார்க் எல்லாம் இல்லை. தப்பு ஜாஸ்திதான், ஆனால் பயம் கம்மி.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் 'என் அம்மா' என்று கட்டுரை எழுதச் சொன்னார்களாம். எல்லாப் பிள்ளைகளும் போர்டில் இருந்ததைப் பார்த்து எழுத, இவள் மட்டும் தானாக எழுதியிருக்கிறாள். தாள் முழுக்கச் சிவப்பு மை. பேச்சு வழக்கில் எழுதக் கூடாது என்று கீழே ஒரு குறிப்பு. வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள்.

நான் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் கண்ணைத் துடைக்கத் தாளை இறக்கினேன். "குடு சித்தி, நான் படிக்கிறேன்" என்று தாளை வாங்கி, எழுந்து நின்று, எங்கும் தடுமாறாமல் படித்தாள்:

"என் அம்மா பேரு கலா. அம்மா திட்டும். அப்புறம் தலை வாரி விடும். அம்மா கையில மஞ்சள் வாசனை வரும். எனக்கு அம்மா வேணும்."

"திருத்தி எழுதட்டுமா சித்தி?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அக்கா, உன்னைப் பற்றி அவள் என்ன கேட்டாலும், எத்தனை வயதில் கேட்டாலும், ஒளிக்காமல் சொல்வேன். நீ அடித்ததையும் சொல்வேன், அடித்துவிட்டு அழுததையும் சொல்வேன். உன்னை யாரும் படத்தில் மட்டும் சிரிக்கிற அம்மாவாக ஆக்கிவிட நான் விடமாட்டேன். இது சத்தியம்.

உன் மகளுக்குச் சித்தி, உனக்கு என்றைக்கும் தங்கச்சி,
சுமதி