தேயிலைத் தூரில் புதைத்த மாத்திரைகள்

மதிப்புக்குரிய விரிவுரையாளர் அவர்களுக்கு,

"அடியே" என்றுதான் இத்தனை வருடமும் உனக்கு எழுதினேன். இனி மனம் வரவில்லை.

நம் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து சுகாதாரப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பெண் நீ. இரத்தசோகை பற்றி ஆராய்ச்சி செய்ய நீ வந்தபோது, தயங்கி நின்ற பெண்களிடம், "நம்ம புள்ளதானே, பயப்படாம பேசுங்க" என்றவள் நான்.

இரும்புச்சத்து மாத்திரையை நாங்கள் விழுங்காமல் தேயிலைத் தூரில் புதைப்பதை உன்னிடம்தான் சொன்னேன். அது வயிற்றைக் கலக்கும், கொழுந்து பறிக்கும் மலையில் ஒதுங்க ஒரு கக்கூஸ் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"எங்க கெம்பஸ் எழுதினா தோட்டத்துத் தொர கேட்டுத்தான் ஆகணும். கக்கூஸ் கட்டிருவாங்க, பாரு" என்றாய்.

போன வாரம் ரத்தோட்டை கிளினிக்கில் மிட்வைப் மிஸ் உன் அறிக்கையை வாசித்துக் காட்டினார். 'அறியாமையால் மாத்திரைகளைப் புதைக்கிறார்கள்' என்று இருக்கிறது. கக்கூஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்த அறிக்கையைத் துரையும் படித்துவிட்டார். இப்போது தினமும் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் கங்காணி முன்னால் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் மலை ஏறுகிறோம். என்னோடு எந்தப் பெண்ணும் பேசுவதில்லை.

நீ வந்த அன்று மலையில் உனக்கும் அவசரம் வந்தது. என் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து, நீ எழும்பும்வரை மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதை இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அறிக்கையில் பதினேழாம் இலக்கமாக இருப்பவள்