இறங்காத கை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், என் வலது தோள்பட்டை மட்டும் எங்களோடு ஒட்டாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். நேற்று போனில் நீ பொரிந்து தள்ளியதில் எனக்கு வாய் திறக்க இடமில்லை, அதனால் எழுதுகிறேன். ஆற்றுக் கூட்டத்தில் நடந்ததை யார் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாய், மாட்டிக்கொண்டவன் வாயாலும் கேள்.

பள்ளிக்கூட ஹாலில் தெருவே உட்கார்ந்திருந்தது. நகராட்சியிலிருந்து வந்த அதிகாரியம்மாள், ஆற்றைச் சுத்தம் பண்ண வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். பஸ்ஸில் கம்பி பிடிக்கிற மாதிரி அத்தனை கையும் மேலே. அதற்காகத் தண்ணீர் வரியோடு மாசாமாசம் கொஞ்சம் சேர்த்துக் கட்டச் சம்மதமா என்றதும், ஒருவருக்குத் தலை அரிக்கிறது, ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் கழன்றுவிட்டது, ஒரு கையையும் காணோம். என் கை மட்டும் நின்றது. கொள்கை எல்லாம் இல்லையம்மா, தோள் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்துவிட்டது. அதைச் சொல்லித் தப்பித்திருப்பேன், அதற்குள் மருந்துக்கடைக்காரர், "டெய்லருக்கு ஆறு அப்பன் சொத்து போல, அவர்கிட்டயே வாங்கிக்கங்க" என்றார், ஹாலே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. "ஆமாங்க, அப்பன் சொத்துதான். உங்க வீட்டுச் சாக்கடையும் என் வீட்டுச் சாக்கடையும் அதுல உரிமையோடதானே போகுது" என்று சொல்லி இடது கையையும் தூக்கினேன். போலீஸில் சிக்கின திருடன் மாதிரி இருந்திருப்பேன், இருக்கட்டும்.

ஒருத்தன் சம்மதித்தாலும் நாளைக்கு எல்லோர் தலையிலும் வரி விழும் என்று மருந்துக்கடைக்காரருக்குப் பயம். அவர் பள்ளிக்கூடக் கமிட்டியிலும் இருப்பதால், இந்த வருஷம் சீருடைத் தையல் எனக்கு இல்லை, சம்மதத்தை வாபஸ் வாங்கினால் பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினார். வருஷத்தில் பாதிச் சோறு அந்த வேலையில்தான், உனக்கே தெரியும். அம்மா தட்டை வைத்துக்கொண்டே, "ஆத்து நாத்தத்துக்குப் பயந்து பின்பக்க ஜன்னலைத் திறந்தே வருஷக்கணக்காச்சு. கிழிசல் தைச்சுப் பிழைச்சுக்கலாம், வாபஸ் வாங்கிட்டு மட்டும் வீட்டுக்கு வராதீங்க" என்றாள். எனக்கு இதைவிடப் பெரிய கமிட்டி ஏது.

பேசாமல் வாபஸ் வாங்குங்கள், தெருவுக்கான பங்கை நானே அனுப்பிவிடுகிறேன் என்றாயே, நல்ல மனசுதான், ஆனால் வேண்டாம். நீ அனுப்பினால் ஜம்மென்று வாங்கிக்கொண்டு அடுத்த வாளி அழுக்கையும் அதிலேயே கொட்டுவார்கள். இங்கே கொட்டுகிறவன்தான் இங்கே கட்ட வேண்டும், அதில் நானும் ஒருத்தன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம், சம்மதித்தவர்கள் பெயரை வாசிப்பார்களாம். என் பெயர் ஒன்றே ஒன்று என்றாலும் மைக்கில் சத்தமாக வாசிக்கட்டும், முன்வரிசையில் அம்மாவும் நானும் உட்கார்ந்திருப்போம்.

கண்ணாடி போடாமல் கார் ஓட்டாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீங்கள் இருவரும் நீண்ட நாள் வாழ எங்கள் ஆசீர்வாதம். திரும்பவும் சொல்கிறேன், பணம் அனுப்பாதே.

இப்படிக்கு,
தெருவில் முதல் ஆளாகக் கட்டப்போகும்
உன் அப்பா