ஒஸ்மானி கொடுத்த கடைசிச் சாவி

மிக்தாலியா,

ரேஷன் ரொட்டி வரிசைக்குப் போகிறேன். கரண்ட் போவதற்குள் பீன்ஸைச் சூடாக்கிச் சாப்பிடு. யாமிலா வந்தால், பழுது பார்த்து முடித்த அவளுடைய அலாரக் கடிகாரம் சன்னலோரம் இருக்கிறது.

எப்படிச் சொல்வேன்? நம் பையன் ஒஸ்மானியின் கைக்கடிகாரத்தைக் கொடுக்கும்போதே சொன்னாய்: “கண்ணாடிய மட்டும் மாத்துய்யா. வேற எதையாச்சும் தொட்டியோ, நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

கண்ணாடியை மாற்றினேன். கரும்பு லாரி மோதி அவன் போன அன்று ஒடிந்த சாவிக் குமிழும் தண்டும் கண்ணில் பட்டன. கடிகாரம் ரிப்பேர் செய்யும் முப்பது வருடப் பழக்கம். கை தானாகப் புதுத் தண்டை வெட்டி, குமிழைப் பொருத்தியது. பொருத்தினால் திருகிப் பார்ப்பதுதானே வழக்கம்? திருகிவிட்டேன்.

ஓடுகிறது.

அன்று காலை அவன் கொடுத்த சாவி தீர்ந்து, மறுநாள் மாலை நாலு இருபதுக்கு உன் உள்ளங்கையில் நின்ற கடிகாரம். தினமும் அந்த நேரத்துக்குத்தானே மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறாய்! பிரித்து நிறுத்தி, முள்ளை நாலு இருபதில் வைத்திருந்தால் உனக்குத் தெரிந்தே இருக்காது. காதில் வைத்துப் பார்த்தேன். அதற்கப்புறம் நிறுத்தக் கை வரவில்லை.

கவிழ்த்த சர்க்கரைக் கிண்ணத்தின் கீழே இருக்கிறது. நாளை மாலை வரை ஓடும்.

எவேலியோ

ரொட்டி நேற்றே வாங்கியாகிவிட்டது. உன் முகத்தைப் பார்க்கப் பயந்து பூங்காவில் உட்கார்ந்திருக்கிறேன். திட்டுவதற்காவது வா.

இன்னொரு தரம் அது நிற்பதை என்னால் பார்க்க முடியாது. நாளைக்கு நீ சாவி கொடு.