இவர் ஒப்பிடாமல் விட்ட விசை

3.10.2016 திங்கள்
மழை. சலவைக்கூடத்தில் விரிப்புகள் குறைவு, மூன்று மணிக்கே விட்டார்கள்.
இவர் பெயருக்கு ஒரு சின்னப் பார்சல். இவரின் முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்து ஒன்பது நாள். உள்ளே துவக்கு விசை, விரலால் அழுத்துகிறது. இலக்குச் சுடும் துவக்கில் பூட்டுவது. ஏற்கெனவே ஒன்று வாங்கிப் பூட்டினவர், இன்னொன்றோடு ஒப்பிட வேண்டுமாம்.
"விசைக்கு விசை என்னப்பா வித்தியாசம்?" என்று கேட்டேன், இவர் இதற்குக் காசு கட்டின அன்று.
"உனக்கு எல்லாத் தூளும் ஒரே உறைப்போ?"
மச்சாள், இவரின் தங்கச்சி, போனில். "என்ன பார்சல்?" வீட்டுச் சாமான் என்றேன். பொய். இவர் சுடப் போன சனிக்கிழமை எல்லாம் துப்புரவு வேலை என்றுதான் அவளுக்கும் சொன்னது.

5.10. புதன்
கால் வீக்கம். வாங்க: உப்பு, பால், பல்ப்.
இவரின் சூட்டுக் கொப்பியை எழுத்துக் கூட்டி வாசித்தேன், எல்லாம் இந்த நாட்டு டொச் மொழியில். விசை 1: முதலில் சும்மா போகும். பிறகு ஒரு தடுப்பு. அதில் நிற்கலாம். ஐந்து சூட்டுக்குப் புள்ளி 9, 10, 9, 9, 10. விசை 2: தலைப்பு மட்டும். கீழே வெறும் கோடு.
ரூடி போன் எடுத்தார். துவக்குக் கழகத்தில் இவரின் கூட்டாளி. துவக்கும் அவரிடம்தான். சனிக்கிழமையோடு இந்த வருசச் சூடு முடிகிறது, விசையைக் கொண்டுவரச் சொன்னார். ஓம் என்றேன். போனை வைத்த பிறகுதான் வெட்கம் வந்தது.
அவர்களில் ஒருவர் செத்தால் கழகக் கொடியைப் பெட்டிக்கு மேல் தாழ்த்துவார்கள். ஆவணியில் இவரின் செத்தவீட்டுக்கு அப்படிச் செய்யட்டோ என்று ரூடி கேட்டார். வேண்டாம் என்றேன். அவளின் தம்பி ஊரில் சூடுபட்டுச் செத்தவன், புருசனுக்குத் துவக்கு விளையாட்டோ என்று சனம் என்னைக் கதைக்கும். கொடி இல்லாமல் கழகத்து ஆக்கள் ஏழு பேர் பின்னால் நின்றார்கள். மச்சாள் "ஆர் இவை?" என்றாள். வேலையிடத்து ஆக்கள் என்றேன். ரூடிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்னைப் பார்த்தார்.

8.10. சனி
வெயில், குளிர். கழகம் சுடுகிற இடத்துக்கு முதல்தரம். இவர் சுட்ட பதினொரு வருசத்தில் ஒருநாள் போயிருக்கலாம்.
குண்டில்லாத வெறும் துவக்கில் இரண்டையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார் ரூடி. முதலாவதில் விரல் போய் நின்றது. இரண்டாவது நினைக்க முன்னம் டிக்.
"எது அவருக்குப் பிடிக்கும்?" என்று கேட்டார்.
"முதலாவது. நின்று யோசிக்கிற ஆள்."
"தெரியும். அவர் ஒன்று சுடுவதற்குள் நாங்கள் கோப்பி குடித்து முடிப்போம்."
இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன்.
ரூடி புது விசையில் ஐந்து சுட்டார். 8, 10, 7, 9, 8. கொப்பியில் நான் எழுதினேன். என் எழுத்துக் கோணல், இவரின் கோட்டில் நிற்கவில்லை.
கொடி கண்ணாடி அலுமாரிக்குள். அரைகுறை டொச்சில் சொன்னேன்: வெட்கத்தில்தான் வேண்டாம் என்றேன். இனித் தாழ்த்தலாமா?
"எங்கே?"
"வீட்டில். படம் இருக்கிறது. நாளைக்கு அவரின் தங்கச்சியும் வருவா."

9.10. ஞாயிறு
விடிய எழும்பிச் சமையல். கத்தரிக்காய், பருப்பு, சொதி. இரண்டு முறை போனை எடுத்தேன், ரூடியை வரவேண்டாம் என்று சொல்ல. வைத்துவிட்டேன்.
பன்னிரண்டரைக்கு வாசல் மணி. ரூடியும் இரண்டு பேரும், கழகச் சட்டையோடு. கொடித்தடி நீளம், கதவில் சரித்துத்தான் உள்ளே வந்தது.
மச்சாள் சோற்றுக் கையோடு எழும்பினாள். "ஆர் இவை?"
"அண்ணையின்ரை துவக்குக் கழகம்," என்றேன். "செத்தவீட்டிலையும் இவைதான் நிண்டவை. நான்தான் பொய் சொன்னனான்."
அவள் என்னைப் பார்க்கவில்லை. கொடி இவரின் படத்துக்கு முன்னால் தாழ்ந்தது. மச்சாள் கை கழுவப் போனாள். தண்ணீர் கனநேரம் ஓடியது.