பேனல் மேல காஞ்ச மோர்மிளகா

பிப்ரவரி 17, திங்க

இந்த நோட்டு சரவணகுமார் சார் குடுத்தது. எங்களுக்குச் சொல்லிக்குடுக்க வந்தவரு. அன்னன்னைக்குப் படிச்சத எழுதணுமாம். நான் மூணாப்போட நின்னவ. என் எழுத்த நானே எழுத்துக்கூட்டித்தான் படிக்கணும். பரவால்ல, வாய் போற போக்குல கை போகட்டும்.

காரைக்குடிக்கு ஏழே காலு பஸ்ஸு. கொத்தமங்கலத்துல ஏறும்போதே கண்டக்டரு, "என்னக்கா, மிளகாக் கூடை எங்க?"ன்னாரு. இருவது வருசமா வத்தலும் மோர்மிளகாயும் ஏத்திக்கிட்டுப் போன பஸ்ஸு அது. "இனிமே மாடியில கரண்டு காயப்போடப் போறேன்"னேன். பஸ்ஸே சிரிச்சுச்சு.

சோலார் பேனல் மாட்டப் படிக்கிறோம். நாப்பது நாளு, கடைசில பரிச்சை. பாஸானா கம்பெனில எடுத்துக்குவாக, மாசச் சம்பளம். ரெண்டு வருசமா காலங்கெட்ட மழை, காயப்போட்டது பூரா பூசணம். அதான் வந்தேன். வீட்டுக்காரரு — பேரு எழுதலாமா? நோட்டுலதானே. சேவுகன் — "பத்து நாள்ல திரும்பி வந்து உப்புச் சட்டியில கைய வைப்ப"ங்கிறாரு. பாப்போம்.

பிப்ரவரி 25

ஏணி ஏறுனேன். எறங்கத்தான் ரொம்ப நேரமாச்சு.

மாடி எனக்குப் பயமில்ல. நாச்சியம்மை ஆச்சி வீட்டு மேல்மாடியிலதான் இத்தன வருசமும் காயப்போட்டேன். ஒருக்கா ஒரு கொரங்கு மோர்மிளகாயக் கடிச்சுப்புட்டு, தண்ணித் தொட்டிக்குள்ள தலைய விட்டுக்கிட்டுக் கெடந்துச்சு. அப்பறம் என்னையத் தெருவுல பாத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகும். இத எதுக்குச் சொன்னேன்? ஆங், ஏணி. ஆச்சி வீட்டுல படிக்கட்டு. இங்க ஏணி ஆடுது. கீழ பிடிச்சுக்கிட்டு நின்ன மாயக்கண்ணன், "அக்கா, நான் இன்னும் சாப்பிடல, சீக்கிரம் எறங்குவீகளா"ங்கிறான். கண்டரமாணிக்கத்துக்காரன். கொத்தனாரு வேலைய விட்டுட்டு வந்தவன், ரெண்டு பொம்பளப்பிள்ளைக்கு அப்பன்.

மார்ச் 4

தப்புப் பண்ணிட்டேன்.

மோருல ஊறுன மிளகாய்க்கு இன்னைக்கு மூணாம் வெயிலு. காட்டாம விட்டா நாறிப்போகும். வீட்டுக்காரரு ஆடு பத்திக்கிட்டுப் போயிட்டாரு. தூக்குவாளியில போட்டுக் கையோட கொண்டுபோனேன். படிக்கிற எடத்து மாடியில நாலு பேனலு. பளிங்கு மாதிரி சுத்தமா, சூடா, சூரியனப் பாத்துச் சாஞ்சு கெடக்கு. கடைசிப் பேனலு தண்ணித் தொட்டிக்கு அங்குட்டு, யாரும் போறதில்ல. அதுல கீழ் ஓரமாத் துணிய விரிச்சு, கிளிப்பு மாட்டி, ரெண்டு வரிசை பரப்பிட்டேன். இப்படி ஒரு களம் யாருக்குக் கெடைக்கும்?

பத்து மணிக்கு மீட்டருல கரண்டு படுத்துருச்சு. "வயரு இழுத்தது யாரு?"ன்னாரு சாரு. மாயக்கண்ணன். மண்டையப் பொளக்குற வெயில்ல ஒவ்வொரு வயரா கழட்டிக் கழட்டி மாட்டுனான். எனக்கு மிளகா நெனப்பே வரல. மத்தியானம் நான் மிளகாய அள்ளவும் மீட்டரு ஏறிருச்சு. அப்பத்தான் வெளங்குச்சு, எல்லாம் என் மிளகா பண்ணுன வேலைன்னு.

சாரு அவன்கிட்ட, "எங்கயோ லூசா விட்டுருக்க. இப்படி இருந்தா பரிச்சைக்குப் பேர எப்படி அனுப்ப?"ன்னாரு. நான் வாயத் தொறக்கல. பேனலக் கெடுத்தா வீட்டுக்கு அனுப்பிருவேன்னு மொத நாளே சொன்ன மனுசன்.

மிளகா அரை நாள்ல மொறுமொறுன்னு காஞ்சிருச்சு. அந்தப் பய பொழப்புல நான் மண்ணப் போடலாமா?

மார்ச் 5

காலையில மிளகாத் தூக்குவாளியோட நேராப் போயி, "சார், அது மாயக்கண்ணன் இல்ல. என் மிளகா"ன்னேன்.

சாரு வாளிக்குள்ள எட்டிப் பாத்தாரு. அப்பறம், "அதே மாதிரி பரப்புங்கக்கா"ன்னாரு. எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வச்சு, மிளகாயோட ஒருக்கா, மிளகா இல்லாம ஒருக்கா மீட்டரக் காட்டுனாரு. "தண்ணி போற டியூப ஒரு எடத்துல மிதிச்சாப் போதும், கடைசி வரைக்கும் வராதுல்ல? நாலு பேனலும் ஒரே டியூபு. வயரத் தொடுறதுக்கு முன்னாடி சுத்தி வந்து நெழலப் பாருங்க."

மாயக்கண்ணன் கோவிப்பான்னு நெனச்சேன். "என்னைய வத்தலாக்கிட்டீகளேக்கா"ன்னுட்டு, நான் வறுத்துக்கொண்டுபோன மிளகாயில பாதிய அவனே தின்னுட்டான்.

பரிச்சைக்கு என் பேரு போகுமா? கேட்டேன். சாரு மீட்டர எடுத்துக்கிட்டுக் கீழ எறங்கிட்டாரு.

மார்ச் 14

பரிச்சைக்குப் பேரு போயிருச்சு. ரெண்டு பேரு பேரும்.

மார்ச் 28, வெள்ளி

பரிச்சை. மெட்ராஸ்லருந்து ஒரு மேடம். பேனலு கொறச்சலாக் காட்டுது, ஏன்னு கண்டுபிடிக்கணும். எனக்கு முன்னாடி போனவுக எல்லாரும் மீட்டரோட வயருக்கு ஓடுனாக. நான் மொதல்ல சுத்தி வந்தேன்.

"மேடம், தப்பா நெனைக்காதீக. உங்க கொடைய அங்குட்டு வச்சுக்கிறீகளா?"

வெயிலுக்குப் பிடிச்சுட்டு வந்த கொடைய விரிச்சபடியே கைப்பிடிச் சுவத்துல சாத்தி வச்சிருக்காக. அந்த நெழலு கடைசிப் பேனலு ஓரத்துல. எடுக்கவும் பாதி ஏறிருச்சு. மேடத்துக்கு மூஞ்சி செவந்துபோச்சு, அப்பறம் சிரிச்சுட்டாக. அவுக வச்ச கேள்வி அது இல்ல, வேற ஒரு எடத்துல இணைப்பு லூசு. அதையும் கண்டுபிடிச்சேன், வேர்த்து ஊத்திருச்சு. முன்னாடி போனவுகளுக்குக் கொடை இல்லாம பரிச்சைய மறுபடி வச்சாக. அதுல ஒருத்தன் மாயக்கண்ணன், என்னையக் கும்பிட்டான்.

ஏப்ரல் 21, திங்க

பாஸாயிட்டேன். நாட்டரசன்கோட்டையில ஒரு வீட்டு மாடியில கம்பெனி வேலை. ஹெல்மெட்டுக்குள்ள கொண்டை அடங்கமாட்டேங்குது. மூணு மணிக்கு எங்க வீட்டுக்காரரு போனு.

"இந்தா, மிளகாயத் திருப்பிட்டேன். தென்னமரத்து நெழலு வந்துருச்சு. எங்குட்டு நகத்த?"

"தெக்குட்டு ரெண்டு மொழம்"னேன்.

"வேலை முடிஞ்சு மெதுவா வா. நான் பாத்துக்கிறேன்"னாரு.