மர்சலினுக்கு வெள்ளைக்கரு

மர்சலின்,

டேபிளில் மூடி வைத்திருப்பது முட்டையின் வெள்ளைக்கரு. உப்பு போடவில்லை. மஞ்சள்கரு உனக்கு ஆகாதாம், அதனால் நான் தியாகம் செய்து தின்றுவிட்டேன். நொச்சிக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போகிறேன்.

"கிட்னி போனவளுக்கு டாக்டர் மீன் குடுக்கச் சொன்னாராம்! யார்கிட்ட கதை வுடுறீங்க?" என்று நேற்று தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டாய். எனக்கும் குழப்பம்தான். இத்தனை வருஷம் பருப்பைக்கூட அளந்து போடச் சொன்ன அதே டாக்டர், டயாலிசிஸ் ஆரம்பித்ததும் மீன், முட்டை கொடு என்கிறார். ரத்தத்தைச் சுத்தம் செய்யும்போது புரதமும் கொஞ்சம் போய்விடுகிறதாம். ஆனால் கருவாடு கூடாதாம். தண்ணீரும் அளவாகத்தானாம். ஏன் என்பதையும் சொன்னார். லிஃப்ட் வருவதற்குள் மறந்துவிட்டேன்.

முன்பு ஒருநாள், பட்டினப்பாக்கத்தில் ஒரு சுறா என்னிடம் பீடிக்கு நெருப்பு கேட்டது என்றேன். "குடுத்தீங்களா?" என்று கேட்டவள் நீ. முட்டைக்கு மட்டும் சாட்சி கேட்கிறாய்.

நேற்று டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவிலிருந்து இறங்கும்போது உன் கால் நடுங்கியது. அது நான் கட்டிவிட்ட கதை இல்லை.

மாடி வீட்டு நர்ஸ் ரெனிட்டா டூட்டி முடிந்து வருவாள். கதவைச் சாத்தித்தான் வைத்திருக்கிறேன், பூட்டவில்லை. அவளிடமே கேள். நான் பக்கத்தில் நின்று, ஆமாம் சொல்லச் சொல்லி அவளுக்குக் கண்ணைக் காட்டினேன் என்று நீ சொல்ல முடியாது.

ஞானதாஸ்

பி.கு.: அவளும் ஆமாம் என்றால், நான் சொன்னது சரி என்று நீ ஒத்துக்கொள்ள வேண்டாம். காலித் தட்டைக் கழுவாமல் வை, வந்து பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.