தாஸ் தூக்கும் சப்பரம்

1951 ஆகஸ்ட் 19, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். எண்ணூர்ப் பக்கமிருந்து கருமேகம் வந்தது, எட்டிப் பார்த்தது, போய்விட்டது.

பூசை முடிந்ததும், கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை இன்னாசி (இனி கோ.பி.) கையைப் பிடித்துக்கொண்டார். "மாஸ்டர், இந்த வருசம் மாதா சப்பரத்த ஷோக்கா தூக்கணும். போன வருசம் ஆளுக்கொரு நடை, பார்க்கவே கலீஜா இருந்துச்சு. நீங்க வந்து நம்ம ஆளுங்களுக்கு டிரில் குடுங்க."

பெருமை தாங்கவில்லை. இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் லெப்ட் ரைட் என்று கத்தினேன். முதல்முறையாக மாதாவுக்காகக் கத்தப்போகிறேன்.

வீட்டில் சொன்னேன். பிலோமி அடுப்பைவிட்டுத் திரும்பாமலே கேட்டாள். "அப்ப தாசு?"

அதுதான் விஷயம். தாஸ் அவள் தம்பி. இருபத்தெட்டு வயது. பிறவியிலேயே வளர்ச்சி மெதுவானவன். குள்ளம், நாக்கு தடிப்பு, மூட்டெல்லாம் தொளதொள. மாமனார் ஹார்பரில் கிரேன் வேலை பார்த்தவர். போன மார்கழியில் இறந்தார். அதிலிருந்து தாஸ் எங்களோடு. சப்பரத்தின் முன்தண்டில் இடது தோள் கொடுக்கும் இடம் மாமனாருடையது. கோயில் வழக்கம்: அப்பன் தோளுக்கு அடுத்தது மகன் தோள். மகன் தூக்காவிட்டால் இடம் வேறு வீட்டுக்குப் போகும், திரும்பாது.

தாஸுக்கு இது நன்றாகத் தெரியும். அப்பா தண்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மடித்த சாக்கைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குகிறான்.

கோ.பி.யிடம் திரும்பப் போய்க் கேட்டேன். "ஒத்திகையில பார்ப்போம் மாஸ்டர். நடை சேரலன்னா தோமா வூட்டுக்குத்தான் குடுக்கணும். பேஜாரு பண்ணாதீங்க."

ஆகஸ்ட் 21, செவ்வாய்

சாயங்காலம் தூறல். விசில் துருப்பிடித்திருக்கிறது, எண்ணெய் போட வேண்டும்.

தாஸுக்கு இடது வலது வரவில்லை. பட்டாளத்துப் பழைய வித்தை: ஒரு காலில் ஓலை, ஒரு காலில் துணி. "ஓலைக்கால்! சீலைக்கால்!" என்று கத்தினேன். ஓலை கிச்சுக்கிச்சு மூட்டியிருக்க வேண்டும். சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டான். மறுபடி எழுப்பினால் ஓலையை அவிழ்த்து என் காலில் கட்டப் பார்க்கிறான். கோபம் வந்தது. பிறகு நானும் சிரித்தேன்.

"இடது எது, தாசு?"

இரண்டு கையையும் தூக்கினான்.

அவனைப் பார்த்துக் குறித்தவை:
படி ஏறினால் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும்.
பந்து பிடிக்க வராது. உருட்டினால் பிடிப்பான்.
ஒற்றைக் காலில் நிற்க வராது. சுவரில் ஒரு விரல் பட்டால் போதும், நிற்கிறான்!
ஒரு விரலில் என்ன பலம் இருக்கிறது? சாய்வதற்குப் போதாதே. தெரியவில்லை.

ஆகஸ்ட் 24, வெள்ளி

வெள்ளிக்கிழமை, கறி இல்லை. முகத்துவாரக்குப்பத்து அம்மாள் கூடையில் இறால் கொண்டுவந்தாள். தாஸ் உரித்தான். பிலோமியைவிட வேகம். தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, நரம்பை உருவி... நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பொத்தான் போட வராத விரல்களா இவை?

அரை மணி நேரம் இதையே யோசித்தேன். பிலோமி: "இன்னாங்க, இறாலையே மொறச்சிகினு கீறீங்க?"

தோன்றியது. இறால் மடியில், கண்ணுக்கு நேரே. பொத்தான் கழுத்துக்குக் கீழே, கண்ணுக்கு எட்டாத இடம். ஒரு சட்டையைக் கழற்றி அவன் மடியில் வைத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டான்! மெதுவாக. ஆனால் போட்டான். சட்டையை மாட்டிக்கொண்டபின் கீழேயிருந்து ஆரம்பித்தால் பாதிவரை தெரியுமே, அதையும் பார்க்க வேண்டும்.

இருபத்தெட்டு வருடமாக யாரோ ஒருவர் அவன் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். யாருக்கும் இது தோன்றவில்லையா?

வெல்லம் தீர்ந்துவிட்டது. விளக்குத் திரியும் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 28, செவ்வாய்

தெருக்குழாயில் கூட்டம். தாஸ் வாளி எடுத்துப் போனான். போகும்போது வழக்கமான ஆட்டம், கப்பலில் நடக்கிறவன் மாதிரி. வரும்போது நிறைவாளியைத் தலையில் வைத்துக்கொண்டு நேராக வருகிறான்!

கீழே ஊற்றிவிட்டு வெறும் வாளியோடு நடக்கச் சொன்னேன். ஆட்டம். நிரப்பினேன். ஆட்டம் இல்லை. அரைவாளிக்கு அரை ஆட்டம். எதிரில் கயிற்றுக்கடை காதர் பாய் கல்லாவைவிட்டு எழுந்தே வந்துவிட்டார். "மாஸ்டர், ஒடம்பு சொகமா? ரொப்பறீங்க, கொட்றீங்க, ரொப்பறீங்க!" வரிசையில் நின்ற பெண்கள் திட்டியதை எழுத முடியாது.

பாரம் ஏறினால் அவன் உடம்புக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்று தெரிகிறதோ? சுவரில் பட்ட விரலும் இதே கதையோ? எந்த டாக்டரைக் கேட்பது? கேட்டால் "இதுங்களுக்கு இவ்வளவுதான்" என்பார்கள். இவ்வளவுதான் என்று முடிவு செய்தவர்கள் வாளியைத் தூக்கக் கொடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நிச்சயம் தூக்குவான். பிலோமியிடம் சொல்லியும்விட்டேன்.

செப்டம்பர் 1, சனி

திருநாள் கொடி ஏறிவிட்டது. இன்று கோயில் மைதானத்தில் தாஸ் இல்லாமல் மற்றவர்களுக்குப் பயிற்சி. மாதாவுக்குப் பதில் சப்பரத்தில் மணல் மூட்டை. என் விசிலுக்கு எல்லாரும் ஒரே கால். ஆஹா! சாமியார் மாடியிலிருந்து பார்த்துத் தலையாட்டினார்.

சப்பரம் மட்டும் பக்கவாட்டில் ஆடியது. தாஸ் இடத்தில் நின்ற தோமாவின் உயரம் காரணம் என்று நினைக்கிறேன்.

தாஸ் மதில் மேல் உட்கார்ந்து பார்த்தான். சாக்கு தோளில். "மாமா, நானு?"

"புதன்கிழமைடா."

செப்டம்பர் 5, புதன்

எழுதவே கை வரவில்லை.

தாஸ் தண்டுக்கு அடியில் சாக்கை வைத்து நன்றாகத்தான் நின்றான். பாரம் ஏறியது. ஆடவில்லை. நான் சொன்னது சரிதான் என்று கோ.பி.யைப் பார்த்தேன். விசில் ஊதினேன். எல்லாருக்கும் இடது கால், தாஸுக்கு வலது. "மாத்து!" என்றேன். எல்லாரும் மாற்றினார்கள், அவனும் மாற்றினான். மறுபடி எதிர்க்கால். பின்னால் வந்தவன் குதிகாலை மிதித்தான். சப்பரம் சாய்ந்து மணல் மூட்டை கீழே.

கோ.பி.: "மாதாவா இருந்தா இன்னா ஆயிருக்கும்? இடம் தோமா வூட்டுக்கு. அவ்ளோதான்."

தாஸ் தண்டைவிட்டு வரவில்லை. கீழே இறக்கிவைத்த தண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நைனா எடம். நைனா எடம்." தோமாவே தலையைக் குனிந்துகொண்டார். தூக்கிக்கொண்டுதான் வந்தேன்.

பிலோமி தட்டை டொக்கென்று வைத்தாள். "எங்க நைனா எந்தக் காலு முன்ன வெச்சாருன்னு இத்தினி வருசம் யாருனா கேட்டாங்களா? உங்க விசிலு வந்தப்பறம்தான் காலு கணக்கு!"

அவள் சொன்னது நிஜம். நடை சேர வேண்டும் என்றது கோ.பி. ஒரே கால் என்றது நான்.

செப்டம்பர் 6, வியாழன்

விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்துகொண்டேன். ஸ்ட்ரெச்சர்!

சண்டைக் காலத்தில், குண்டு விழுந்தால் உதவுவதற்கான ஏ.ஆர்.பி. படையில் எங்களுக்கு ஸ்ட்ரெச்சர் பழக்கினார்கள். முதல் பாடமே அதுதான். முன்னால் இருப்பவன் இடது கால் வைத்தால் பின்னால் இருப்பவன் வலது. ஒரே காலில் நடந்தால் காயம்பட்டவன் தொட்டில் மாதிரி ஆடுவான். இதை நானே மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! பள்ளிக்கூட மைதானம் வந்ததும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டேன். தோமாவின் உயரம், மண்ணாங்கட்டி.

பள்ளிக்கு அரைநாள் லீவு. தூக்குபவர்களைக் கையைக் காலைப் பிடித்துக் கூட்டிவந்தேன். கோ.பி.யும் வந்தார், முகத்தை மூன்று முழம் வைத்துக்கொண்டு. சப்பரத்தின் மேல் தளும்பத் தளும்ப ஒரு செம்புத் தண்ணீர்.

முதலில் தாஸ் இல்லாமல், தோமாவை வைத்து, விசிலோடு ஒரே கால். மாதா குகையான கெபிவரை போய்த் திரும்பியது. செம்பில் பாதிக்குமேல் காலி.

அடுத்து செம்பை மறுபடி நிரப்பி, தாஸை வைத்து, விசில் இல்லாமல். "அவனவன் நடை நடங்கய்யா, போன வருசம் மாதிரி." போய் வந்தார்கள். கொஞ்சம் சிந்தியது. கொஞ்சம்தான். கோ.பி. செம்புக்குள் எட்டிப் பார்த்தார், விரலை விட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா மாஸ்டர் இது கூத்து? மாரியாத்தா கோயில் கரகம் மாதிரி நிக்குது!" சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"போன வருசமும் இப்படித்தான் நின்னுச்சு. நாமதான் பாக்கல."

தோமா தோள்துண்டை உதறி, "அது அவங்க வூட்டு எடம், நமக்கெதுக்கு வம்பு" என்று நகர்ந்து நின்றார். நல்ல மனிதர். அவர் உயரத்தைக் குறை சொன்னதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 8, சனி

திருநாள். நல்ல வெயில், பிறகு கடற்காற்று. புதுச்சட்டை. தாஸ் பொத்தானைக் கீழேயிருந்து ஆரம்பித்தான். மேலே இரண்டு மட்டும் கண்ணாடி முன்னால் நின்று. பிலோமி கை நீட்டினாள், தட்டிவிட்டான். அவள் முற்றத்துக்குப் போய் அழுதாள்.

செப்டம்பர் 9, ஞாயிறு

காலை. தொண்டை கட்டிவிட்டது, பாட்டுப் பாடியே.

நேற்று மாலை சப்பரம் புறப்பட்டபோது நான் ஓரமாக நடந்தேன். விசில் பையில். கை இரண்டு தடவை தானாகப் போனது. தாஸ் வாயைத் திறந்துகொண்டு, ஒவ்வொரு அடியும் தரையைக் கேட்டுக் கேட்டு வைப்பது போல் நடந்தான். டிராம் தண்டவாளத்துக்கிட்ட எனக்கு உயிர் போய்விட்டது. நின்றான். காலால் தடவினான். தாண்டினான். அவன் நின்றதும் எல்லாரும் நின்று, அவனோடு தாண்டினார்கள். காதர் பாய் கடைவாசலில் நின்று, "பார்த்து, தாசு, பார்த்து" என்றார்.

பாதி வழியில் தோள் மாற்ற வந்தவனைத் தாஸ் முறைத்த முறைப்பில் அவன் பின்வாங்கினான். கோயில் வாசல்வரை அவனே. இறக்கியதும் கோ.பி. மாதா கழுத்து மாலையிலிருந்து ஒரு சாமந்தியைப் பிய்த்து அவன் பொத்தான் துளையில் செருகினார். நான் அழுதேன். எழுதிவைக்கிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்.

இன்று தோள் வீங்கிச் சிவந்திருக்கிறது. பிலோமி மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட வந்தாள். தாஸ் எல்லாருக்கும் சட்டையை விலக்கிக் காட்டுகிறான், பால்காரருக்கும்கூட.

என் வாத்தியார் புத்தி போகுமா? கேட்டுப் பார்த்தேன்.

"தாசு, இடது எது?"

வீக்கத்தின் மேல் கையை வைத்தான். வலித்திருக்கும், முகம் சுளித்தது. எடுக்கவில்லை.

"இதான் மாமா. நைனா தோளு."